நாடகமேடை நினைவுகள்: ஒரு மதிப்பீடு

நாடகமேடை நினைவுகள், பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) எழுதிய ஆறு பாகங்கள் கொண்ட நினைவுக்குறிப்பு நூல். சுதேசமித்திரன் இதழில் தொடராக வெளிவந்து, 1930களில் நூல் வடிவம் பெற்றது. நவீனத் தமிழ் நாடக வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்நூலிலிருந்தே தொடங்குகின்றனர். ஆகவே இதில் சொல்லப்படுபவற்றோடு, அவற்றைச் சொல்பவர் எங்கே நின்று சொல்கிறார் என்பதும் முக்கியமாகிறது.

பின்னணி

சம்பந்த முதலியார் இளமையில் தமிழ் நாடகங்களை வெறுத்தவர். 1891-ல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகக் குழு சென்னையில் நடித்ததைக் கண்டபின் அவரது எண்ணம் மாறியது. கிருஷ்ணமாச்சார்லு ஒரு வழக்கறிஞர். படித்தவர்களும் மதிப்புக் குறையாமல் மேடையேறலாம் என்பதை அந்நாடகங்கள் அவருக்குக் காட்டின. அவ்வாண்டு ஜூலை 1-ல் நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்துகொண்டே மனோகரா, சபாபதி, ஹாம்லெட்டின் தழுவலான அமலாதித்யன் உள்ளிட்ட ஏராளமான நாடகங்களை எழுதினார்.

நூலின் வலிமை

இந்நூல் கலைக் கோட்பாடு எதையும் முன்வைப்பதில்லை. ஒத்திகை, வேடப் பங்கீடு, உடை, வெளியூர்ப் பயணம், சபை உறுப்பினரிடையே எழும் மனத்தாங்கல் என நாடகம் உருவாகும் அன்றாட வேலையைச் சொல்கிறது. தம் பிழைகளையும் ஆசிரியர் மறைப்பதில்லை. பெண் வேடங்களில் தமக்கு இணையாக நடித்த நண்பர் ரங்கவடிவேலுவைப் பற்றி எழுதும் பகுதிகளில், எங்கும் நிதானமாகச் செல்லும் நடை நெகிழ்கிறது. விடியவிடிய நடந்த பாட்டு நாடகம், சில மணி நேரத்தில் முடியும் உரைநடை நாடகமாக மாறியதை உள்ளிருந்து அறிய இதுபோன்ற ஆவணம் வேறில்லை.

நூலின் எல்லை

நாடகத்தால் வயிறு வளர்க்க வேண்டிய தேவை சபை உறுப்பினர்களுக்கு இல்லை. அவர்களின் கௌரவம் வெளியே இருந்து, அவர்களுடைய தொழிலிலிருந்து வந்தது. தமிழ் நாடகம் இழிநிலையில் கிடந்தது, படித்தவர்கள் வந்து அதை மீட்டார்கள் என்ற வாசகம் பாடநூல்களில் இன்றும் தொடர்கிறது. அந்த இழிவு கலையின் தரத்தைக் குறித்ததா, கலைஞர்களின் சமூக நிலையைக் குறித்ததா என்ற கேள்வியை அது எழுப்புவதில்லை. அதே காலத்தில் கும்பகோணம் பாலாமணி பெண்களைக் கொண்டே நாடகக் கம்பெனி நடத்தினார். சபை மேடையிலோ பெண் வேடத்தையும் ஆண்களே ஏற்றனர்.

இரு உலகங்களுக்கும் இடையிலான சுவர் அவ்வளவு உறுதியானதும் அல்ல. ரயில்வே அதிகாரியான எப்.ஜி. நடேச ஐயர் திருச்சிராப்பள்ளியில் நிறுவிய ரசிக ரஞ்சன சபா அதற்குச் சான்று. அங்கே அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறிய சிறுவன் எம்.கே. தியாகராஜ பாகவதர், பின்னர் தொழில்முறை நாடகத்திலும் திரைப்படத்திலும் பெரும்புகழ் பெற்றார். மறுபுறம், மனோகரா கம்பெனி மேடைகளிலும் நடிக்கப்பட்டது. சபையில் பிறந்த நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்கள் தொழில்முறை நடிகர்கள்.

உடன் வாசிக்க வேண்டியது

அவ்வை தி.க. சண்முகம் எழுதிய எனது நாடக வாழ்க்கை (1972) இந்நூலுக்கு நல்ல துணை. 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகளின் மதுரை தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் சிறுவனாகச் சேர்ந்தவர் சண்முகம். சம்பந்த முதலியாருக்கு நாடகம் விருப்பத்தால் தேர்ந்த ஈடுபாடு. சண்முகத்துக்கு அது பள்ளி, வீடு, பிழைப்பு மூன்றும்.

நாடகமேடை நினைவுகள் ஒரு சபையின் நேர்மையான வரலாறு. அதைத் தமிழ் நாடகத்தின் முழு வரலாறாக ஆக்கியது பின்வந்தவர்களின் வாசிப்பு. அந்தச் சுமையை இறக்கிவைத்துப் படிக்கும்போது நூலின் மதிப்பு குறைவதில்லை.