பலகையில் பட்டம், சீட்டில் பெயர்

பாளையங்கோட்டையில் 1964-ல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. அடுத்த ஆண்டே ஐகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இரண்டு கல்லூரிகளிலும் படித்து வெளியே வருகிறவர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் தவிரப் பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து முனைவரானவர், மேடையில் பட்டம் வாங்கிய அரசியல்வாதி என்று ஒரு வரிசை இருக்கிறது. பெயரையும் பட்டத்தையும் எப்படி எழுதுவது என்பது இந்த ஊரில் வெறும் அச்சுக்கோப்புப் பிரச்சினை இல்லை. எந்த வாசலில் போய் உட்காருவது என்று நோயாளி முடிவு செய்வதும் அதைப் பார்த்துத்தான்.

அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனைகள் பல இதற்கென்று நடைக் கையேடு வைத்திருக்கின்றன. முதல் முறை முழுப்பெயரும் பின்னால் பட்டமும் எழுத வேண்டும். இரண்டாம் முறை குடும்பப்பெயர் போதும். முன்னால் 'டாக்டர்', பின்னால் 'எம்.டி.' என இரண்டையும் ஒரே பெயருக்குப் போடக்கூடாது, ஒன்றே மற்றதைச் சொல்லிவிடுகிறதே என்பது அவர்கள் வாதம். நம் பக்கத்து வழக்கத்தை அறியக் கையேட்டைத் தேடிப்போக வேண்டியதில்லை, சுவரைப் படித்தால் போதும். முதலில் 'டாக்டர்' அல்லது 'மரு.', அடுத்து இனிஷியல், பெயர், எம்.பி.பி.எஸ். தொடங்கி ஒன்றுவிடாமல் எல்லாப் பட்டங்களும், அப்புறம் பதவி. அழைப்பிதழ் என்றால் கடைசியில் 'அவர்கள்'.

வெளியூர்க்காரர் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் இந்த நீளமான வாலுக்கு ஒரு நியாயம் உண்டு. ராதாபுரத்திலிருந்தும் கடையத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிற சனங்கள் அந்த எழுத்துகளைப் படிக்கக் கற்றிருக்கிறார்கள். 'டி.ஜி.ஓ.' என்றால் பிரசவம் பார்ப்பவர், 'டி.சி.எச்.' என்றால் பிள்ளைகளுக்குப் பார்ப்பவர் என்று இங்கிலீஷ் தெரியாத ஆச்சிகூடச் சொல்லிவிடுவார். 'டாக்டர்' என்ற முன்னொட்டைப் பலரும் பங்குபோட்டுக்கொண்ட ஊரில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டுவது பின்னொட்டுதான். 'பி.எஸ்.எம்.எஸ்.' என்று பார்த்ததும் சித்த மருத்துவர் என்று தெரிகிறது. இரண்டையும் சேர்த்துப் போடாதே என்ற அமெரிக்க விதியை அப்படியே எடுத்துப் பாளையங்கோட்டையில் ஒட்டினால் நோயாளிக்குத்தான் நட்டம்.

கோளாறு எங்கே என்றால், வாலின் நுனியில். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நன்னடத்தை விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. அங்கீகாரம் பெற்ற பட்டங்களையும், தொழிலறிவு தருகிற அல்லது தகுதியை உணர்த்துகிற சான்றிதழ், உறுப்பினர் தகுதிகளையும் மட்டுமே பெயருக்குப் பின்னால் போடலாம். அந்தத் துறையில் தனித் தகுதி இல்லாதவர் தன்னைச் சிறப்பு மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. மாநில மருத்துவக் கவுன்சில் கொடுத்த பதிவு எண்ணை மருத்துவமனையிலும், மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், பணம் வாங்கிய ரசீதிலும் காட்ட வேண்டும். ஆனால் சந்தா கட்டினால் கிடைக்கிற சங்க உறுப்பினர் எழுத்துகளும், சில நாள் பயிற்சிக்குக் கொடுத்த சான்றிதழும் முதுநிலைப் பட்டத்தோடு ஒரே அளவு எழுத்தில் தோளோடு தோள் நிற்கிற பலகைகள் உண்டு. எது மூன்று வருடப் படிப்பு, எது மூன்று நாள் பயிற்சி என்று ஆச்சிக்கு எப்படித் தெரியும்? சரிபார்க்க உதவுகிற ஒரே விஷயம் பதிவு எண். அதுதான் பெரும்பாலும் பலகையில் பொடி எழுத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது.

முன்னொட்டை யாருக்குத் தருவது என்ற சண்டைக்கு டெல்லி இருமுறை தீர்ப்புச் சொல்லப் பார்த்தது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகளில், தன்னிடம் பதிவு பெற்றவர்கள் மட்டும் 'மெட். டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாம் என ஒரு பிரிவு இருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் மொத்த விதிகளையும் நிறுத்திவைத்தார்கள். 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம், பிசியோதெரபிஸ்டுகள் 'டாக்டர்' என்று போடக்கூடாது என்று கடிதம் எழுதியது. மறுநாளே அதுவும் நிறுத்தப்பட்டது. நான் இதில் யார் பக்கமும் இல்லை. இங்கிலாந்தில் அறுவை மருத்துவர் ஆகிவிட்டால் 'டாக்டர்' பட்டத்தைக் கழற்றிவிட்டு 'மிஸ்டர்' ஆகிவிடுகிறார்கள். அதனால் அவர்கள் கத்தி மழுங்கிப்போகவில்லை. இங்கேயோ, ஐகிரவுண்டில் படித்து வாங்குகிற எம்.பி.பி.எஸ். சான்றிதழைத் தருவது 'தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்'. அந்தப் பெயரில் உள்ள 'டாக்டர்' கௌரவப் பட்டத்தால் வந்தது. மருத்துவச் சான்றிதழின் நெற்றியிலேயே இப்படி ஒன்றை அச்சிட்டுவிட்ட பிறகு, முன்னொட்டின் தூய்மையைப் பற்றி நாம் ரொம்பப் பேச முடியாது.

இனிஷியலுக்கு வருவோம். என் கணிப்பில் நம் வழக்கத்தின் மிகப் பெரிய பலம் இதுதான். 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. தமிழ்நாட்டில் அது பெருமளவு நடந்தும்விட்டது. பெ. சுந்தரம் பிள்ளையின் நினைவாக 1990-ல் திருநெல்வேலியில் வந்த பல்கலைக்கழகத்துக்கு 'மனோன்மணியம் சுந்தரனார்' என்றுதான் பெயர். பெயர் என்றால் நெல்லைச் சீமையில் விளையாட்டில்லை. இந்த மாவட்டமே 1986 முதல் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று இருந்தது. 1997-ல் தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பிறகு எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு வார்டுப் பலகையில் ஓர் எழுத்து, ஒரு புள்ளி, ஒரு பெயர் என்று மட்டும் நிற்பது லேசான சாதனை இல்லை. பெயரே சில சமயம் சாடை காட்டிக்கொடுத்துவிடும் என்பதும் உண்மைதான். இருந்தாலும், சாதிப் பட்டத்தை உரக்கச் சொல்லும் பலகைக்கும் இதற்கும் தூரம் அதிகம். விதிவிலக்கும் நம் கண்முன்னேயே இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கான அரசு உதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயர். ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் அந்தப் பின்னொட்டு அப்படியே இருக்கிறது. அவர் அந்தப் பெயரிலேயே அறியப்பட்டவர். அதை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாழ்ந்து முடிந்தவர் எப்படி அறியப்பட்டாரோ அப்படியே எழுதலாம் என்று ஒரு விதியாகச் சொல்லிவிட்டால் குழப்பம் தீரும்.

இதே இனிஷியல் கல்லூரி வாசலைத் தாண்டி உலகத்துக்குப் போகும்போது சிக்கல் தொடங்குகிறது. 1978-ல் கனடாவின் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் வகுத்த முறைதான் இன்றைக்கும் ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள் முறை. முதலில் குடும்பப்பெயர், பின்னால் சொந்தப் பெயரின் முதலெழுத்து. குடும்பப்பெயரே இல்லாத நம் மருத்துவர், படிவம் கேட்கிறதே என்று அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போடுகிறார். ராமசாமி மகன் முருகன் எழுதிய கட்டுரை 'ராமசாமி எம்.' எழுதியதாக உலகமெங்கும் பதிவாகிறது. அடுத்த கட்டுரையில் உஷாராகி 'முருகன் ஆர்.' என்று போட்டால், இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்று கணினி எடுத்துக்கொள்கிறது. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணிக் காட்ட வேண்டிய காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 2012-ல் வந்த 'ஆர்சிட்' எண், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் கொடுத்து இதைத் தீர்க்கிறது. முதுநிலை மாணவர் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதை வாங்கவைத்து, பெயரை எந்த வடிவில் எழுதுவது என்றும் முடிவு செய்துவிட வேண்டும்.

தமிழில் இனிஷியல் போட வேண்டும் என்று 2021-ல் அரசு சொன்னதை வரவேற்கிறேன். ஆனால் மருத்துவ ஆவணத்தில் அதை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு பொறி இருக்கிறது. கந்தன் மகனுக்கும் கணேசன் மகனுக்கும் தமிழில் 'க.'தான். இங்கிலீஷில் ஒருவர் 'கே', இன்னொருவர் 'ஜி'. ஓ.பி. சீட்டு ஒரு மொழியிலும் ரத்தப் பரிசோதனை முடிவு இன்னொரு மொழியிலும் வந்தால் பொருத்திப் பார்ப்பது கஷ்டம். அப்பா பெயரையோ அம்மா பெயரையோ முழுதாக எழுதுவது ஒன்றே வழி.

மருத்துவரின் பெயருக்கு இத்தனை கவனம் போகிறது. நோயாளியின் பெயருக்கு எவ்வளவு போகிறது? தாமிரபரணிக் கரையில் குலசாமிதான் பெயர் வைக்கிறது. சுடலைமுத்து, மாடசாமி, பேச்சிமுத்து, இசக்கியம்மாள், நெல்லையப்பன், காந்திமதி, சொரிமுத்து. மேலப்பாளையம் பக்கம் போனால் வீட்டுக்கு ஒரு மைதீன். ஒரே வார்டில் இரண்டு இசக்கியம்மாள் இருப்பது இங்கே அதிசயமே இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் அந்த இசக்கி ஒரு சீட்டில் 'ஐ'யிலும் இன்னொரு சீட்டில் 'ஈ'யிலும் தொடங்குவார். மைதீனை இங்கிலீஷில் எழுத எத்தனை வழி உண்டு என்று மேலப்பாளையத்துக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலும், ரேஷன் கார்டிலும், ஆதாரிலும் ஒரே ஆளின் பெயர் மூன்று விதமாக இருந்தால் அலைச்சல் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. பெண்களுக்கு இன்னொரு சங்கடமும் சேர்கிறது. கல்யாணத்துக்கு முன் 'த/பெ', பின் 'க/பெ'. இனிஷியல் மாறியதும் பழைய கேஸ் ஷீட்டோடு இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. சின்ன வயதில் இதயத்தில் கோளாறு என்று பார்த்த பெண், பிரசவத்துக்கு வரும்போது ஏடுகளின்படி புது ஆள்.

எழுத்துக்கூட்டலை மேலிருந்து திருத்திவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு 2020 ஜூன் ஒரு பாடம். 1018 ஊர்ப்பெயர்களின் இங்கிலீஷ் வடிவத்தைத் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக மாற்றி அரசு ஆணை வெளியிட்டது. சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.

வார்டில் கூப்பிடும் முறையையும் பார்க்க வேண்டும். 'ஆச்சி', 'பாட்டையா', 'அண்ணாச்சி', 'தாயி' என்று நம் செவிலியர் அழைப்பதில் ஒரு வாஞ்சை இருக்கிறது. பதினாலாம் நம்பர் பெட் என்றோ, அந்த கிட்னி கேஸ் என்றோ சொல்வதைவிட எவ்வளவோ மேல். ஆனால் 'ஆச்சி, ஊசி போடணும், கையைக் காட்டுங்க' என்றால் வார்டிலுள்ள மூன்று ஆச்சிகளும் கையைக் காட்டுவார்கள். மருந்து கொடுக்கும் முன் நோயாளியை இரண்டு அடையாளங்களால் உறுதிசெய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிவிட்டது. 'பேச்சியம்மா ஆச்சி, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன, எந்த ஊரு?' என்று கேட்டால் மரியாதையும் நிற்கும், ஆளும் தவறாது.

அந்தச் செவிலியரின் பெயர் யாருக்காவது தெரியுமா? அவர் 'சிஸ்டர்', அவ்வளவுதான். மருத்துவரின் பட்டத்தை முழுதாக அச்சிடுகிற அழைப்பிதழும் பலகையும் செவிலியரின் பி.எஸ்சி. நர்சிங்கை எழுத இடம் தேடுவதில்லை. நோயாளியோடு அதிக நேரம் இருப்பவருக்குப் பெயரே இல்லாமல் போவது நம் வழக்கத்தின் மோசமான பக்கம். பேராசிரியர், உதவிப் பேராசிரியர், பி.ஜி. மாணவர், ஹவுஸ் சர்ஜன் எல்லாரும் ஒரே வெள்ளைக் கோட்டில் ரவுண்ட்ஸ் வரும்போது, முடிவெடுப்பவர் யார், கற்றுக்கொள்பவர் யார் என்று கட்டிலில் கிடப்பவருக்கு விளங்காது. கேட் கிரேஞ்சர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, தன்னிடம் வந்தவர்கள் பெயரைச் சொல்லாததைக் கவனித்து 2013-ல் ஓர் இயக்கம் தொடங்கினார். அவர் கேட்டது பட்டத்தை அல்ல. வருகிறவர் தன் பெயரையும் தன் வேலையையும் சொல்ல வேண்டும் என்பதுதான்.

ஐகிரவுண்டுக்கு ஒரு பக்கக் கையேடு எழுதச் சொன்னால் பின்னொட்டில் அங்கீகாரம் பெற்ற பட்டம் மட்டும் இருக்கட்டும் என்பேன். பட்டத்தின் அளவு எழுத்திலேயே பதிவு எண்ணும் வர வேண்டும். எந்த மருத்துவ முறை, என்ன பொறுப்பு என்பது தமிழில் இருக்க வேண்டும். சட்டையில் குத்தும் அட்டை டீன் முதல் ஆயாம்மா வரை ஒரே வடிவில் இருக்க வேண்டும். பலகையில் இனிஷியல் தொடரட்டும், ஆவணத்தில் அதை விரித்தே எழுத வேண்டும். இதற்கு டெல்லியின் ஆணையோ பெரிய செலவோ வேண்டாம்.

அந்தக் கையேடு வரும்வரை காத்திருக்காமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் பிள்ளை பிறந்தால், மருத்துவமனைப் படிவத்தில் அம்மா, அப்பா பெயரின் எழுத்துக்கூட்டலை ஆதாரோடு ஒப்பிட்டு வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிறப்பைப் பதிவு செய்த ஓராண்டுக்குள் குழந்தையின் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம்.