அச்சேறாத பத்தி

1931-இல் ஜார்ஜ் லெமேத்ர் நேச்சர் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்நூறு சொல்கூட இராது. அண்டம் முழுவதும் ஒரே ஒரு குவாண்டத்திலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றது அது. பெருவெடிப்புக் கோட்பாட்டின் வித்து அதில்தான் இருந்தது. தட்டச்சுப் பிரதியின் இறுதியில் இன்னொரு பத்தியும் இருந்தது. கடவுள் மறைந்திருப்பவர், படைப்பை மூடியிருக்கும் திரையை இயற்பியல் காட்டுவது கண்டு நம்பிக்கையாளர்கள் மகிழலாம் என்ற கருத்து. அச்சேறும் முன் அந்தப் பத்தி அடிக்கப்பட்டுவிட்டது. லெமேத்ர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு என்பதை நினைத்தால் அந்தக் கோட்டின் கனம் புரியும்.

இருபது ஆண்டு கழித்து, 1951 நவம்பரில், போப் பன்னிரண்டாம் பயஸ் நேர்மாறாகச் செய்தார். ஆதியில் ஒளி பிறந்ததற்கு விஞ்ஞானமே சாட்சி சொல்கிறது என்ற பொருளில் அறிஞர்கள் அவையில் பேசினார். அந்தப் பேச்சை எள்ளி ஒதுக்க எனக்கு மனமில்லை. கலிலியோவை விசாரணைக் கூண்டில் நிறுத்திய திருச்சபையின் தலைவர் வானியலாளர்களின் சான்றுக்குக் காது கொடுத்தார். அது பெரிய மாற்றம். ஆனால் சான்றைத் தன் கட்சிக்குச் சாட்சியாக அழைத்ததுதான் பிழை. அண்டம் விரியும் வேகம் பற்றி வானியலாளர் ஹப்பிள் எடுத்த அளவுகளை வைத்துப் பார்த்தால் அப்போது அண்டத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டு, அதாவது பூமியைவிட இளமை! அடுத்த ஆண்டே வானியலாளர் வால்டர் பாடே அந்த அளவைத் திருத்தினார். இன்று 1380 கோடி என்கிறோம். இப்படி நகரும் எண்ணோடு வேதத்தை முடிச்சுப் போட்டால் நட்டம் வேதத்துக்குத்தான். லெமேத்ர் வருந்தினார். 1952-இல் போப் வானியலாளர்களிடம் மீண்டும் பேசியபோது அந்த வாதம் வரவில்லை.

எதிரணியிலும் இதே சாய்வு உண்டு. தொடக்கம் என்றாலே படைப்பு வாடை அடிக்கிறது என்பது வானியலாளர் பிரெட் ஹாயிலின் உறுத்தல். 1948-இல் அவர் முன்வைத்த, தொடக்கமே இல்லாத மாறாநிலை அண்டக் கோட்பாட்டை அந்த உறுத்தலுக்காகவே தள்ளிவிட முடியாது. எப்படிச் சோதித்து வீழ்த்தலாம் என்பதற்கு அது இடம் தந்தது. வெப்பமான தொடக்கம் இல்லையென்றால் தனிமங்கள் விண்மீன்களில்தான் வெந்திருக்க வேண்டும் என்ற தேடல், 1957-இல் அவரும் மூவரும் எழுதிய ஆய்வில் கனிந்தது. நம் ரத்தத்து இரும்பு எங்கே பிறந்தது என்பதற்கு இன்றும் அடிப்படை அதுதான். கடவுளை மறுக்கும் மனமும், தொழும் மனமும் நல்ல கேள்விகளைப் பெற்றுத் தரும். விடையைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் அவற்றுக்கு இல்லை.

அந்த உரிமை 1964-இல் நியூ ஜெர்சியில் ஓர் ஆண்டெனாவின் இரைச்சலுக்குக் கிடைத்தது. அதை இயக்கிய வானியலாளர்கள் பென்சியாசும் வில்சனும் அதில் குடியிருந்த புறாக்களை விரட்டினார்கள், எச்சத்தைச் சுரண்டினார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் இரைச்சல் ஓயவில்லை. அது அண்டத்தின் ஆதி வெப்பத்தில் எஞ்சியது. ஹாயில் 2001-இல் இறக்கும்வரை முழுமையாக இணங்கவில்லை. அவருடைய விமரிசகர்களைவிட எனக்கு அதில் வருத்தம் அதிகம். லெமேத்ருக்கோ 1966-இல், நோய்ப்படுக்கையில், உதவியாளராக இருந்த ஒடோன் கோதார் அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சொன்னார்.