ஒருமுறை சொன்னால் போதுமா?

பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பிள்ளை நடந்ததை எத்தனை பேரிடம் சொல்ல வேண்டும்? 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், கேட்கிற எல்லோரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளி ஆசிரியை, போலீஸ்காரர், குழந்தைப் பாதுகாப்புத் துறை அலுவலர், மருத்துவர், அரசு வழக்கறிஞர் என்று வரிசையாக. ஒருவர் எழுதிவைத்தது அடுத்தவர் கைக்குப் போகாது. ஐந்து பேரிடம் ஐந்து விதமான கேள்விகளுக்குப் பதில் சொன்னால் பேச்சில் சின்னச் சின்ன முரண்கள் விழத்தான் செய்யும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த முரண்களைத்தான் பிடித்துக்கொள்வார். பிள்ளைக்கு வதை, வழக்குக்கும் சேதம்.

அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில் நகரில் மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த பட் கிரேமர் 1985இல் இதைத் தலைகீழாக்கினார். பிள்ளை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டாம். போலீஸும் பாதுகாப்பு அலுவலரும் வழக்கறிஞரும் மருத்துவரும் மனநல ஆலோசகரும் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வரட்டும் என்றார். அப்படிப் பிறந்ததுதான் ‘சைல்டு அட்வகசி சென்டர்’. இன்று அந்த நாட்டில் 900க்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. எடைபோட்டுப் பார்க்க நாற்பது ஆண்டு அனுபவம் போதும். என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: இந்த மையங்கள் வழக்குக்குச் செய்ததைவிடக் குடும்பத்துக்குச் செய்தது அதிகம். ஆனால் அவை கட்டப்பட்டிருப்பது வழக்கைச் சுற்றி. குறைகளில் பாதி அங்கிருந்தே வருகின்றன.

மையத்தின் இதயம் நேர்காணல் அறை. வரவேற்பறையில் பொம்மைகள் குவிந்துகிடக்கும். இந்த அறையில் பெரும்பாலும் இருக்காது. பிள்ளையின் கவனம் சிதறக் கூடாது, பின்னால் யாரும் “விளையாட்டுக் கற்பனை” என்று சொல்லிவிடவும் கூடாது. இரண்டு நாற்காலி, கொஞ்சம் தாள், வண்ணப் பேனாக்கள், சுவரில் ஒரு கேமரா. பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் பிள்ளையோடு உட்காருவார். மற்றவர்கள் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலோ பக்கத்து அறைத் திரையிலோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பேச்சு குற்றத்தில் தொடங்குவதில்லை. “எங்க வீட்டு நாய் பேரு என்ன, சொல்லு பார்ப்போம்?” பிள்ளை விழிக்கும். “தெரியாது.” “சரியாச் சொன்னே. தெரியலைன்னா தெரியலைன்னுதான் சொல்லணும்.” அடுத்து: “உனக்கு மூணு வயசுன்னு நான் சொன்னா?” “இல்ல, ஆறு!” “அப்படித்தான். நான் தப்பாச் சொன்னா நீ திருத்தணும்.” பெரியவர்களை மறுத்துப் பேசலாம் என்று ஒரு பிள்ளைக்கு அங்கே அனுமதி கிடைக்கிறது; சில பிள்ளைகளுக்கு அது வாழ்நாளில் முதல்முறையாகவும் இருக்கலாம். பிறகு போன பிறந்தநாளை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொல்லச் சொல்வார்கள். கோவையாகச் சொல்லப் பழக்கும் ஒத்திகை அது. அதற்கப்புறம்தான், “இன்னைக்கு எதைப் பத்திப் பேச வந்திருக்கே?” இதற்குமேல் நேர்காணல் செய்பவருக்குப் பெரிதாக வேலை இல்லை. “அப்புறம்?”, “அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லு.” “மாமா உன்னை இங்கே தொட்டாரா?” என்று மட்டும் எடுத்த எடுப்பில் கேட்கவே மாட்டார்கள். உளவியலாளர் மைக்கேல் லாம்பும் சகாக்களும் வகுத்த நெறிமுறையின் சாரம் இதுதான்: பதிலைக் கேள்விக்குள் வைக்காதே.

இந்த அடக்கம் சும்மா வரவில்லை. 1983இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளிமேல் புகார் எழுந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கைப்பொம்மைகளை வைத்துக்கொண்டு விசாரித்தார்கள். “மத்த பிள்ளைங்க எல்லாரும் சொல்லிட்டாங்களே” என்ற தோரணையில், எதிர்பார்த்த பதில் வரும்வரை கேட்டார்கள். நிலத்தடிச் சுரங்கங்கள்வரை கதை வளர்ந்தது. 1990இல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் வழக்கு முடிந்தது. அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது உண்மையில் ஏதேனும் நடந்திருந்தாலும், விசாரித்த விதமே அதைத் தேடமுடியாதபடி புதைத்துவிட்டது. நியூஜெர்சியில் ஒரு மழலையர் பள்ளி ஆசிரியைக்கு 47 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ரத்தானது. திணிக்கும் கேள்விகளால் வாங்கிய வாக்குமூலத்தை வழக்கு விசாரணைக்கு முன்பே சோதிக்க வேண்டும் என்று 1994இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே காலத்தில் உளவியலாளர் ஸ்டீஃபன் செசியும் சகாக்களும், நடக்கவே நடக்காத ஒன்றை, உதாரணமாக எலிப்பொறியில் விரல் மாட்டிக்கொண்டதை, வாராவாரம் கேட்டுக்கொண்டே இருந்தால் சிறு குழந்தைகளில் கணிசமானோர் அதை விவரமாகவே ‘நினைவுகூர்வார்கள்’ என்று காட்டினார்கள்.

ஆக, மையத்தின் நேர்காணல் இரண்டு பேரைக் காக்கிறது: பிள்ளையையும், செய்யாத குற்றத்தில் மாட்டக்கூடியவரையும். இரண்டாவதை மையங்களின் ஆதரவாளர்கள் சத்தமாகச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பேன்.

சரி, மையங்கள் வந்ததால் என்ன மாறியது? நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹண்ட்ஸ்வில் உள்ளிட்ட நான்கு மையங்களையும், மையமில்லாத ஒப்பீட்டுப் பகுதிகளையும் ஆராய்ந்தார்கள். 2008இல் முடிவுகள் சுருக்கமாக வெளியாயின. போலீஸும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து விசாரித்த வழக்குகள் மையங்களில் 81 விழுக்காடு, மற்ற இடங்களில் 52. மருத்துவப் பரிசோதனை 48க்கு 21. மனநலச் சிகிச்சைக்கு அனுப்பிவைத்தது 72க்கு 31. பெற்றோரின் மனநிறைவும் மையங்களில் கூடுதல். ஆனால் எந்த வாக்குறுதிக்காக மையமே பிறந்ததோ, அந்த ‘பலமுறை விசாரணை’ விஷயத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. மையமில்லாத பகுதிகளிலும் அதற்குள் பெரும்பாலான பிள்ளைகளை ஓரிரு முறைதான் விசாரித்தார்கள். மையங்கள் பரப்பிய எண்ணம் வெளியேயும் ஊறிவிட்டது என்று ஆதரவாளர்கள் இதை விளக்கலாம். அதில் நியாயமும் உண்டு. இருந்தாலும், நிதி கேட்கும்போது முன்னால் நிற்கும் வாதம் இது என்பதால், அளந்து பார்த்ததில் மெலிந்திருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது.

மருத்துவப் பரிசோதனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெற்றோர் பரிசோதனை அறைக்கு வெளியே ஒரே பதிலுக்காகக் காத்திருப்பார்கள்: நடந்ததா இல்லையா? மருத்துவரால் பெரும்பாலும் அதைச் சொல்ல முடியாது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பாலியல் வன்முறை சந்தேகத்தில் பரிசோதிக்கப்பட்ட 2,384 குழந்தைகளில் 4 விழுக்காட்டினருக்குத்தான் உடலில் வழக்கத்துக்கு மாறான அடையாளம் இருந்தது. பல வன்முறைகள் காயம் விடுவதில்லை. விட்டாலும் சீக்கிரம் ஆறிவிடும். அப்படியானால் பரிசோதனை எதற்கு? பிள்ளைக்காக. “உன் உடம்பு நல்லா இருக்கு, எதுவும் கெட்டுப்போகலை” என்று ஒரு மருத்துவர் முகம் பார்த்துச் சொல்வது சிகிச்சையின் முதல் படி. நல்ல மையங்கள் இதை அறிந்து செய்கின்றன. ஆனால் அதே ‘எல்லாம் இயல்பு’ என்ற தாளை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் ஆட்டிக் காட்டும். ஒரே தாள் பிள்ளைக்கு ஆறுதலாகவும் வழக்குக்கு இடைஞ்சலாகவும் ஆகிறது.

குடும்பத்தின் பக்கம் வருவோம். குற்றம் செய்தவர் பெரும்பாலும் தெரியாத ஆள் அல்ல. அவர் அப்பாவாகவோ சித்தப்பாவாகவோ அம்மாவோடு வாழ்பவராகவோ இருந்தால், பிள்ளை வாயைத் திறந்த அன்றே அந்த வீட்டின் வாடகைப் பணமும் நிற்கக்கூடும். தாயின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவள் நம்புவதா வேண்டாமா என்று தத்தளித்துக்கொண்டிருக்கிறாள், “உனக்கு எப்படித் தெரியாமல் போச்சு?” என்று பாதுகாப்புத் துறை அவளையே கேட்கிறது; தடுமாறினால் பிள்ளையை வேறிடத்தில் வைப்பார்களோ என்ற பயம் வேறு. பிள்ளை உள்ளே பேசும்போது அவளைக் கண்ணாடிக்குப் பின்னால் விடமாட்டார்கள். அவள் பக்கத்தில் உட்காருபவர் மையத்தின் குடும்ப ஆலோசகர். குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் கிடைத்ததா, பாதுகாப்பு ஆணை எங்கே வாங்குவது, பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுப் படிவத்தை யார் நிரப்புவது, விசாரணை ஏன் மூன்றாவது முறையாகத் தள்ளிப்போனது, இவை எல்லாவற்றுக்கும் ஒரே தொலைபேசி எண் அவருடையது. தாய் தன்னை நம்புகிறாள், தன்னோடு நிற்கிறாள் என்பது பிள்ளை மீள்வதற்குப் பெரிய துணை. நேர்காணல் நிபுணருக்குக் கிடைக்கும் பேரில் கால்வாசிகூட இந்த ஆலோசகருக்குக் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால், மையத்தில் யாருடைய வேலை நின்றால் குடும்பம் குலையுமோ அவர் இவர்தான்.

இனி அடிப்படைக் குறை. மையத்துக்குப் பிள்ளையை நேரே அழைத்துக்கொண்டு போய்விட முடியாது. பெரும்பாலும் போலீஸோ பாதுகாப்புத் துறையோ அனுப்ப வேண்டும். வழக்குதான் நுழைவுச்சீட்டு. நேர்காணலில் வாயே திறக்காத பிள்ளைக்கு வழக்கும் இல்லை. அதோடு சேர்ந்து உதவியும் மெலிகிறது. போலீஸைக் கண்டு அஞ்சும் குடியேறிகள் படியேறவே தயங்குகிறார்கள்.

இன்னொரு முடிச்சு 2004இல் விழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தனக்கு எதிரான சாட்சியை நேருக்கு நேர் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை அமெரிக்க அரசியல் சட்டத்தில் இருக்கிறது. வழக்குக்காகப் பெறப்பட்ட வாக்குமூலத்தை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புத் தராமல் ஏற்கக் கூடாது என்று கிராஃபர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணாடிக்குப் பின்னால் போலீஸ் உட்கார்ந்திருக்கும் நேர்காணல் வழக்குக்கானது அல்லாமல் வேறென்ன? பல மாநில நீதிமன்றங்கள் அப்படித்தான் பார்த்தன. 2015இல் வந்த இன்னொரு வழக்கில், மூன்று வயதுக் குழந்தை தன் ஆசிரியைகளிடம் சொன்னதை, குழந்தை சாட்சி சொல்லாமலே ஏற்கலாம் என்றது அதே நீதிமன்றம். முரணைப் பாருங்கள்: பயிற்சி பெற்றவர் பக்குவமாகக் கேட்டுப் பதிவு செய்தது போதாது, ஆசிரியை பதறிப்போய்க் கேட்டது போதும். உரிமையை நான் குறை சொல்லவில்லை. மெக்மார்ட்டினைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? ஆனால் வழக்கு விசாரணைக்குப் போனால், ‘ஒருமுறை சொன்னால் போதும்’ என்ற வாக்கு அங்கே முறிகிறது. மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பிள்ளை மறுபடி கூண்டேற வேண்டும்.

இந்த முடிச்சை ஐஸ்லாந்து அதற்கு முன்பே அவிழ்த்திருந்தது. அமெரிக்க மையங்களைப் பார்த்து, அந்நாட்டுக் குழந்தைப் பாதுகாப்புத் துறைத் தலைவர் பிராகி குட்பிராண்ட்சன் 1998இல் ‘பார்னஹுஸ்’ என்ற இல்லத்தை உருவாக்கினார். அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீதிபதியின் மேற்பார்வை இருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் இருக்கிறார், நேர்காணல் செய்பவர் வழியாகத் தன் கேள்விகளைக் கேட்கலாம். அதுவே சாட்சியம், பிள்ளை பொதுவாக நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. நார்வே, ஸ்வீடன், டென்மார்க் என்று அது பரவியது. எதிர்த்தரப்பை வெளியே நிறுத்தாமல் ஆரம்பத்திலேயே உள்ளே அழைத்ததுதான் அதன் சாமர்த்தியம். அரசு வழக்கறிஞர் தொடங்கிய ஹண்ட்ஸ்வில் மாதிரிக்கு அது தோன்றாமல் போனதில் வியப்பில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மையங்களின் வருவாயில் முக்கியமான பங்கு 1984இல் ஏற்பட்ட குற்றப் பாதிப்பு நிதியிலிருந்து வருகிறது. அது வரிப்பணம் அல்ல. கூட்டரசு வழக்குகளில் தண்டிக்கப்பட்ட நிறுவனங்களும் ஆட்களும் கட்டும் அபராதம். பெரிய நிறுவனங்களோடு அரசு தண்டனை இல்லாமல் சமரசம் செய்துகொள்வது பெருகியதும் நிதி வற்றியது. 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. ஏதோ ஒரு வங்கி மாட்டிக்கொள்வதைப் பொறுத்து ஒரு பிள்ளையின் சிகிச்சை அமைவது என்ன ஏற்பாடோ!

நம் ஊருக்கும் இதில் பாடம் உண்டு. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் எழுத்தில் ஹண்ட்ஸ்வில்லுக்குக் குறைந்தது அல்ல: சீருடை இல்லாத அதிகாரி, பிள்ளை விரும்பும் இடத்தில் வாக்குமூலம், நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப அழைக்கத் தடை, கூடுமானவரை ஓராண்டுக்குள் தீர்ப்பு. 2016இல் ஐதராபாத் காவல்துறை தொடங்கிய பரோசா மையம்போல ஒரே கூரை முயற்சிகளும் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட கூரை இல்லாத இடத்தில் பிள்ளை காவல் நிலையம், மருத்துவமனை, மாஜிஸ்திரேட், குழந்தைகள் நலக் குழு, சிறப்பு நீதிமன்றம் என்று போய்க்கொண்டேதான் இருக்கிறது. போக்சோ விதிகளில் குடும்பத்துக்குத் துணை நிற்கும் ஆள் ஒருவருக்கு இடம் இருக்கிறது. அவர் தேவையா இல்லையா என்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விடக் கூடாது, ஏற்பாடு செய்வது அரசின் கடமை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவிலிருந்து எதையாவது இரவல் வாங்குவதென்றால், வண்ணம் பூசிய சுவருக்கும் கரடி பொம்மைக்கும் முன்னால் இந்த ஆளை வாங்கலாம்: நிரந்தரச் சம்பளத்தோடு, சமாளிக்கக்கூடிய எண்ணிக்கையில் குடும்பங்களோடு, வழக்கு விடுதலையில் முடிந்தாலும் அந்தத் தாயின் அழைப்பை எடுக்கிறவராக.