தட்டில் ஏற்றம், நாடாவில் இறக்கம்

கர்நாடக சங்கீதப் பாடகர் ஜி.என்.பி.யின் சாரீரம் உச்சத்தில் இருந்தது 1930களின் பிற்பகுதியிலும் நாற்பதுகளிலும்தான் என்பதில் பழைய ரசிகர்களுக்குள் சண்டையே கிடையாது. 1928-இல் மயிலாப்பூரில் மூத்த வித்வான் முசிறிக்குப் பதிலாக மேடையேறிய பதினெட்டு வயதுப் பையன். 1940-இல் ‘சகுந்தலை’ படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு ஜோடியாக துஷ்யந்தன். பிருகாக்கள் கொட்டிய காலம். ஆனால் அந்த ஜி.என்.பி. நமக்குக் கிடைப்பது மூன்று, மூன்றரை நிமிஷ கிராமபோன் தட்டுகளில்தான். ராகம் முகம் காட்டுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். முழுக் கச்சேரியாக நம் காதில் விழுகிறவர் பெரும்பாலும் ஒலிநாடா வந்த பிறகு பாடியவர். அதற்குள் உடம்பும் தொண்டையும் தளர ஆரம்பித்திருந்தன. ஏற்றம் துணுக்குத் துணுக்காக, இறக்கம் மணிக்கணக்கில்! இதை வைத்துக்கொண்டு அவரை எடைபோட்டால் தராசு எங்கே நேராக நிற்கும்?

அந்த நாடாக்களை நிதானமாகக் கேட்க வேண்டும். தார ஸ்தாயியில் நிற்கக் குரல் தயங்குகிறது, காற்று கலந்து வருகிறது. ஆனால் தோடி ராகத்தைக் கட்டுகிற மூளைக்குச் சோர்வே இல்லை. முன்பு ஒரே மூச்சில் பாய்ந்து கடந்திருக்கக்கூடிய தூரத்தை இரண்டு மூன்று பிடிகளாகப் பிரித்துக்கொள்கிறார். நடுவே ஒரு கார்வை. அடுத்து எங்கே போவார் என்று நாமும் யோசிக்க அங்கே இடம் கிடைக்கிறது. வேகமாகப் பாடியவரிடம் அந்த இடம் கிடைத்திருக்குமா, சந்தேகம்தான். 1965-இல், 55 வயதில் போய்விட்டார்.

அவர் காலத்துப் பாடகரான செம்மங்குடியின் கதை வேறு. அவருக்குத் தொண்டை ஆரம்பத்திலிருந்தே மக்கர். அந்தத் தொண்டையோடுதான் 1947-இல் சங்கீத கலாநிதி ஆனார். குரல் கொடுக்காததை நிரவலிலும், கரகரப்ரியாவை விடாமல் சுற்றி வரும் பிடிகளிலும் வசூலித்துக்கொண்டார். பறிகொடுக்க அதிகம் இல்லாதவரை முதுமை என்ன செய்யும்? தொண்ணூறை ஒட்டிய வயதிலும் மேடை. மேல் ஸ்தாயியைப் பின்பாட்டுச் சீடர் பார்த்துக்கொள்வார்.

அவரது பிற்காலக் கச்சேரிகளில் என்னை உறுத்துவது குரல் இல்லை. அதே உருப்படிகள், அதே நிரவல் வரிகள். கேட்டு வாங்கியவர்கள் நாம்தான் என்பது வேறு விஷயம். ஜி.என்.பி.யிடம் இந்தக் குறை சொல்ல முடியாது. சிவசக்தி, அமிர்தபெஹாக் என்று புது ராகங்களில் கீர்த்தனை செய்து பார்த்த ஆசாமி அவர். ஒரே ஒரு பதிவுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால், தட்டுகளை விட்டுவிட்டு, காற்றுக் கலந்த அந்தத் தோடியைத்தான் எடுத்துக்கொள்வேன்.