சொலெடாட் சிலுவை: நின்றது, வென்றதா?

கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில், லா ஹோயா பகுதிக்கு மேலே சுமார் 820 அடி உயரத்தில் இருக்கிறது சொலெடாட் மலை. அதன் உச்சியில் வெள்ளைக் கான்கிரீட் சிலுவை ஒன்று, பீடத்தோடு சேர்த்து 43 அடி. கீழே நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கும் அது கண்ணில் படும். நகராட்சி நிலத்தில் இப்படி ஒரு சிலுவை நிற்கலாமா என்று 1989-இல் தொடங்கிய வழக்கு 2016-இல்தான் ஓய்ந்தது. சிலுவை இன்றும் அங்கேயே இருக்கிறது. ஆகவே நியாயமும் அதைக் காத்தவர்கள் பக்கம்தான் இருந்தது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர்களுடைய முதன்மையான வாதம், இது மதச் சின்னம் அல்ல, போர் வீரர்களின் நினைவுச் சின்னம் என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்த மலையில் முதல் சிலுவை 1913-இல் வந்தது. 1934-இல் வைத்த இரண்டாவதை 1952-இல் காற்று சாய்த்துவிட்டது. இப்போதுள்ள மூன்றாவதை 1954-இல் எழுப்பியபோது, இரண்டு உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் இறந்தவர்களுக்கு அதை அர்ப்பணித்தார்கள். ஆனால் அர்ப்பணித்த நாள் ஈஸ்டர் ஞாயிறு. பின்னர் பல ஆண்டுகள் அங்கே நடந்தது ஈஸ்டர் விடியற்கால ஆராதனை. வரைபடங்களில் அதற்குப் பெயரே ஈஸ்டர் சிலுவை என்றுதான் இருந்தது. வீரர்களின் நினைவாக நிற்கிறது என்று சொல்லும் பலகை வந்தது வழக்குப் போட்ட பிறகு, 1989-இல். முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த உச்சிக்குப் போனவர் எவரும் அங்கே ஒரு வீரரின் பெயரையும் படித்திருக்க முடியாது.

இன்று அங்கே போகிறவர்கள் பார்ப்பது வேறு. சிலுவையைச் சுற்றி வளைவான சுவர்கள், அவற்றில் வரிசை வரிசையாகக் கறுப்புக் கிரானைட் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், எந்தப் படை, எந்தப் போர். பலவற்றில் சீருடையில் இருக்கும் இளம் முகமும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சுவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது உண்மையான நினைவிடம். ஆனால் அந்தச் சுவர்கள் 1991-இல் நகராட்சி வழக்கில் தோற்ற பிறகு எழுந்தவை. பின்னால் கட்டியதைக் காட்டி, முன்பு இருந்தது எதற்காக இருந்தது என்று நிறுவ முடியாது.

வழக்குப் போட்ட பிலிப் பால்சன் வியட்நாமில் போரிட்டவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். வீரர்களை அவமதிக்கிறார் என்று அவரைப் பார்த்துச் சொன்னவர்கள், எந்த வீரரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை. பிறகு அமெரிக்க யூதப் போர்வீரர் சங்கமும் வழக்கில் சேர்ந்தது. சிலுவை எல்லா வீரர்களுக்கும் பொதுவான அடையாளம் என்றால், நார்மண்டியின் அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் யூத வீரர்களின் தலைமாட்டில் தாவீதின் நட்சத்திரம் ஏன் நிற்கிறது? ராணுவமே அந்த வேறுபாட்டை மதித்திருக்கிறது.

லா ஹோயாவில் இந்தக் கேள்விக்கு இன்னும் கூர்மை உண்டு. அந்தப் பகுதியில் நெடுங்காலம் யூதர்களுக்கு வீடு விற்காமல் தரகர்களும் வீட்டுக்காரர்களும் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். அருகில் பல்கலைக்கழகம் வரப்போகிறது, யூதப் பேராசிரியர்களும் வருவார்கள் என்ற நிலை வந்த பிறகே, 1950களின் இறுதியில், அது தளரத் தொடங்கியது. இப்போதுள்ள சிலுவை எழுந்தது அந்தத் தடை நிலவிய ஆண்டுகளில்தான். அதை நட்டவர்கள் யாரையும் விரட்டுவதற்காக நட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரில் வீடு கிடைக்காத ஒருவர், ஊருக்குச் சொந்தமான மலையில் அதைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்? 2011-இல் 9-ஆம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வரலாற்றையும் சேர்த்தே எடைபோட்டது. அரசு ஒரு மதத்துக்கு ஆதரவு காட்டுவதாகவே அந்த நினைவிடம் தோன்றுகிறது என்று தீர்ப்பளித்தது. நினைவிடத்தில் சிலுவைக்கு ஒருபோதும் இடமே இல்லை என்று அது சொல்லவில்லை. எனக்கு அந்த நிதானம் சரியாகவே படுகிறது.

இதற்கு எதிராக 2019-இல் உச்ச நீதிமன்றம் மேரிலாந்தின் பிளேடன்ஸ்பர்க் சிலுவையை ஏற்றுக்கொண்டதைக் காட்டலாம். நெடுநாள் நின்ற சின்னத்தை இடிப்பதே மதத்தின் மீதான பகையாகத் தெரியலாம் என்ற அந்த வாதம் வலுவானது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பிளேடன்ஸ்பர்க் சிலுவையின் பீடத்தில் முதல் உலகப் போரில் இறந்த அவ்வட்டாரத்து வீரர்கள் 49 பேரின் பெயர்கள் பொறித்த பலகை இருக்கிறது. அவர்களை நினைத்தே அது எழுந்தது. சொலெடாட் சிலுவையின் அடியில் அப்படி ஒரு பெயர்ப் பட்டியல் இருந்ததில்லை.

நீதிமன்றங்களைச் சுற்றிப் போக அரசு எடுத்த முயற்சிகள்தான் எனக்குப் பெரிய குறையாகப் படுகின்றன. 1991-இல் தோற்ற நகராட்சி, சிலுவையின் அடிநிலத்தை மட்டும் அதைப் பராமரித்துவந்த சங்கத்துக்கு விற்றது; செல்லாது என்றது நீதிமன்றம். 1998-இல் இன்னும் அதிக நிலத்தை ஏலம் விட்டது. சிலுவையை வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு அதில் கூடுதல் செலவு இல்லை. வேறு சின்னம் வேண்டுபவர் இருப்பதை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். 2002-இல் அதுவும் செல்லாமல் போனது. 2006 மே மாதம், 90 நாளில் அகற்றாவிட்டால் நாளுக்கு 5,000 டாலர் அபராதம் என்று நீதிபதி கார்டன் தாம்சன் உத்தரவிட்டார். அதை உச்ச நீதிமன்ற நீதிபதி கென்னடி நிறுத்திவைத்தார். ஆகஸ்டில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி நிலத்தை மத்திய அரசுக்கே எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் பால்சன் இறந்துபோனார்.

இத்தனையும் தேவைப்பட்டிருக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் டேவிட்சன் மலையில் 103 அடிச் சிலுவை இருக்கிறது. நகரத்துக்குச் சொந்தமான அதுவும் அரசியல் சட்டத்துக்குப் புறம்பானது என்று 1996-இல் தீர்ப்பானது. மறு ஆண்டே அந்த நிலத் துண்டை நகரம் ஏலம் விட்டது. ஆர்மேனிய அமெரிக்க அமைப்புகளின் கூட்டமைப்பு 26,000 டாலருக்கு வாங்கியது. வாக்காளர்களும் விற்பனைக்கு ஒப்புதல் தந்தார்கள். ஆர்மேனிய இனப்படுகொலையில் இறந்தவர்களின் நினைவாக இன்று அது நிற்கிறது. சிலுவையும் பிழைத்தது, அரசும் அதிலிருந்து விலகியது.

சொலெடாட் சிலுவையும் கடைசியில் அந்த இடத்துக்குத்தான் வந்தது: 2015-இல் மத்திய அரசு நிலத்தை 14 லட்சம் டாலருக்கு விற்றது. தனியார் கையில் சிலுவை இருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அது சரியான முடிவுதான். ஆனால் விற்க வழிசெய்த சட்டமே வாங்குபவராகச் சிலுவையைப் பராமரித்துவந்த அந்தச் சங்கத்தைக் குறித்துவிட்டது, ஏலத்துக்கே இடம் இருக்கவில்லை. ஒரு பக்கம் சாய்ந்திருந்த அரசு கடைசிவரை நிமிரவில்லை. 2016-இல் வழக்கு முடித்துவைக்கப்பட்டது நிலம் கைமாறிவிட்டதால்தான். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது தவறு என்று எந்த அமர்வும் தீர்ப்பளிக்கவில்லை.