வெள்ளாமையும் படையும்: நிகழ்நேர வியூக விளையாட்டுகளில் எது நல்லது?

தமிழக அரசு 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. மேல்நிலைப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளின் கையோடு அது விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமங்களுக்குள்ளும் வந்தது. பின்னாலேயே பென் டிரைவில் கேம்களும் வந்தன. ஓடுவது, சுடுவது, கார் ஓட்டுவது என்று ஒரு கூட்டம். அதே மடிக்கணினியில் ஓடக்கூடிய, மூளைக்கு வேலை வைக்கிற இன்னொரு வகைதான் நிகழ்நேர வியூக விளையாட்டு. அதில் எது சிறந்தது என்ற சண்டை முப்பது வருஷமாக ஓயவில்லை. வானம் பார்த்த பூமியிலிருந்து அந்தச் சண்டையைப் பார்க்கும்போது என் அளவுகோல் ஒன்றுதான்: படைக்குப் பின்னால் இருக்கும் வெள்ளாமையை எந்த விளையாட்டு ஒழுங்காகக் காட்டுகிறது?

ஆடுபுலி ஆட்டத்தில் நீங்கள் யோசித்துக் காய் நகர்த்தும் வரை எதிராளி காத்திருப்பான். இங்கே அந்தச் சலுகை கிடையாது. நீங்கள் யோசிக்கிற நேரத்திலும் எதிராளியின் ஆட்கள் மரம் வெட்டிக்கொண்டிருப்பார்கள், அவன் பட்டறையில் வேல் வடித்துக்கொண்டிருப்பார்கள். பொன், மரம், தானியம் எல்லாவற்றையும்விட நேரம்தான் முதல் செல்வம்.

இந்த வகைக்கு அச்சு வார்த்துக் கொடுத்தது அமெரிக்காவின் வெஸ்ட்வுட் நிறுவனம் 1992இல் வெளியிட்ட ‘டியூன் 2’. பாலைவனத்தில் ஸ்பைஸ் என்ற பொருளை அள்ளு, அதைக் காசாக்கு, கட்டடம் எழுப்பு, படை திரட்டு, தாக்கு. 1994இல் ‘வார்கிராஃப்ட்’, 1995இல் ‘கமாண்ட் அண்ட் காங்கர்’, 1997இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’, 1998இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்று அடுத்தடுத்து வந்தவை எல்லாம் அந்த அச்சில் பிறந்தவையே.

இவற்றில் வெள்ளாமைக் கணக்கை நுணுக்கமாகப் போட்டது 1999இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’. நகர மையம் ஒன்று, குடியானவர் மூவர், குதிரைச் சாரணன் ஒருவன்: பெரும்பாலும் இவ்வளவுதான் ஆரம்ப முதல். ஆட்டையும் காட்டுப் பன்றியையும் தின்று தீர்த்தபின் விவசாயத்துக்கு வந்தாக வேண்டும். ஒரு வயல் போட 60 மரம் செலவு. அதில் 175 உணவு எடுத்ததும் வயல் ஓய்ந்துவிடும், திரும்ப மரம் கொடுத்து விதைக்க வேண்டும். ஒரு குடியானவனை உருவாக்க 50 உணவு. ஆரம்பத்திலேயே வீரர்களைக் குவிப்பவன் வயலுக்கு ஆள் இல்லாமல் தவிப்பான். வயலையே பார்த்துக்கொண்டிருப்பவன் வீட்டை வேறொருவன் கொளுத்திவிட்டுப் போவான். இரண்டுக்கும் நடுவே வரப்பு எங்கே என்று தேடுவதுதான் ஆட்டம். இருபத்தைந்து வருஷம் தாண்டியும் இதை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் காரணம் இந்தக் கணக்குதான்.

‘ஸ்டார்கிராஃப்ட்’ கட்சிக்காரர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். மூன்றே இனங்கள்; மூன்றுக்கும் கட்டடம், படை, வளரும் விதம் எதிலும் ஒட்டு உறவு கிடையாது; ஆனாலும் மூன்றும் சமபலம். அப்படி ஒரு சமன்பாட்டை வேறு எவரும் எட்டவில்லை என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் உண்டு. தென்கொரியாவில் இதைத் தொலைக்காட்சியில் போட்டு, சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களையே உண்டாக்கினார்கள். எதிர்வாதம், இது கைவேகத்தின் ஆட்டம் என்பது. தேர்ந்தவர்கள் நிமிஷத்துக்கு 300 முறை விசையும் மவுஸும் தட்டுகிறார்கள். அப்புறம் வியூகத்துக்கு எங்கே நேரம் என்று கேட்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு நடந்த ஒரு சோதனையின் முடிவு 2019 ஜனவரியில் வெளியானது. டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை நுண்ணறிவு, ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ விளையாட்டில் டி.எல்.ஓ., மானா என்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருவரையும் தலா 5-0 என்று தோற்கடித்தது. வரைபடம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கும் வசதி அதற்கு இருந்ததாகப் புகார் எழுந்தது. மனிதனைப் போலத் திரையை நகர்த்தித்தான் பார்க்க வேண்டும் என்று கட்டிப்போட்டதும், நேரலையில் நடந்த அடுத்த ஆட்டத்தில் மானா ஜெயித்தார். அந்த வருஷக் கடைசியில், கைவேகத்துக்கும் பார்வைக்கும் வரம்பு வைத்த பிறகும் அது உச்சத் தரவரிசையான கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டியது. ஆக, வேகம் மட்டுமே ஆட்டம் இல்லை. ஆனால் வேகமும் பார்வையும் எவ்வளவு பெரிய முதல் என்பதும் அங்கே தெரிந்துபோனது. புதிதாக ஆடுகிறவருக்கு ‘ஸ்டார்கிராஃப்ட்’ கடினம் என்பதே என் முடிவு.

வேறு பாதையில் போனவை இரண்டைச் சொல்ல வேண்டும். 2003இல் வந்த ‘ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்’ நாட்டுக்கு எல்லைக்கோடு போட்டது. அதற்கான ஆய்வை முடித்திருந்தால், உங்கள் எல்லைக்குள் நுழையும் எதிரிப்படை, வழங்கல் வண்டி கூடவே வராவிட்டால் தானாகவே தேய்ந்துபோகும். 2006இல் வந்த ‘கம்பெனி ஆஃப் ஹீரோஸ்’ குடியானவர்களையே எடுத்துவிட்டது. நிலத்தைப் பிடித்தால் எரிபொருளும் தோட்டாவும் தானாக வரும். சுவர் மறைவில் நிற்கிறவன் பிழைப்பான். போர்க்களமாக அது அற்புதம். ஆனால் விதைக்கிறவன் இல்லாத போர் எனக்குப் பாதி ஆட்டம்தான்.

தமிழ் வாசகருக்குத் தனியாக ஒரு சேதி. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’இல் 2013 முதல் ‘இந்தியர்’ என்று ஒரே நாகரிகம்தான் இருந்தது. 2022 ஏப்ரலில் அதைப் பிரித்து திராவிடர், வங்காளியர், கூர்ஜரர், இந்துஸ்தானியர் என்று நான்காக்கினார்கள். திராவிடப் படை தமிழில் பதில் சொல்கிறது. சுருள்வாள் வீசும் வீரன் உண்டு, ராஜேந்திர சோழனின் படையெடுப்புத் தொடர் உண்டு. குதிரை வீரர்களின் முக்கிய வரிசை இவர்களுக்குக் கிடையாது. அதற்கு ஈடாக மீன்பிடிப்பிலும் கப்பலிலும் காலாட்படையிலும் பலம். கடல் இருக்கும் வரைபடத்தில் இவர்களை அசைப்பது கஷ்டம். தரை வரைபடத்தில் தடுமாறுவார்கள். சோழர் கடற்கரைக்கு இது பொருந்தும். உள்நாட்டுத் தமிழகம் இதில் இல்லை.

கரிசல்காட்டுக்காரனுக்கு அடுத்து உறுத்துவது மழை. இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் வயல் எந்நாளும் ஒரே அளவு விளைகிறது. புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி மேகத்தை அண்ணாந்து பார்க்கும் பயம் அங்கே கிடையாது. பருவத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவந்த சிலவற்றில் 2018இல் வந்த ‘நார்த்கார்ட்’ முக்கியமானது. குளிர்காலம் வந்தால் உணவு வரத்து குறையும், விறகுச் செலவு ஏறும். சேமித்து வைக்காத ஊர் பசியில் தள்ளாடும். வைகிங் மக்களின் பனியை வைத்துச் செய்ததை மானாவாரி நிலத்தின் வறட்சியை வைத்தும் செய்யலாம்.

இலவச விளையாட்டான ‘0 ஏ.டி.’ இன்னொரு விதத்தில் நமக்குக் கிட்டே வருகிறது. தன்னார்வலர்கள் கூடிச் செய்யும் இதில் மௌரியர் உண்டு; படைவீரனே உழவும் செய்வான், மரமும் வெட்டுவான். நிலத்தை அனுபவித்துக்கொண்டு, அழைத்தபோது ஆயுதம் எடுத்த பாளையக்காரர் முறையை அறிந்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

அந்தப் பாளையங்களின் கடைசிப் போரே முழு வியூக விளையாட்டுக்கான கரு. 1799 அக்டோபர் 16 அன்று கும்பினியார் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். 1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட்டத்தாரும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். சில நாட்களிலேயே மண்கோட்டை மறுபடி எழுந்தது. மார்ச் 31 அன்று கும்பினித் தளபதி மெக்காலே நடத்திய தாக்குதல் தோற்றது. கூடுதல் படையும் பீரங்கியும் வந்தபின், மே 24 அன்று இன்னொரு தளபதி ஆக்னியூ கோட்டையைப் பிடித்தார். எட்டயபுரம் பாளையம் கும்பினியின் பக்கம் நின்றது. மறுகட்டுமானம், வழங்கல், கூட்டணி, காலக்கெடு: வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. 1857 கிளர்ச்சியை ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3’ 2007இலேயே எடுத்துக்கொண்டது. அதற்கு அரை நூற்றாண்டு முந்தைய இந்தப் போரை, எனக்குத் தெரிந்தவரை, எந்தப் பெரிய நிறுவனமும் தொடவில்லை.

என் பரிந்துரை வரிசை இது. முதலில் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’. காசில்லை என்றால் ‘0 ஏ.டி.’, பழைய மடிக்கணினி என்றால் 2017 முதல் இலவசமாகக் கிடைக்கும் முதல் ‘ஸ்டார்கிராஃப்ட்’. பருவத்தோடு மல்லுக்கட்ட ‘நார்த்கார்ட்’. ‘கம்பெனி ஆஃப் ஹீரோஸ்’ எல்லாவற்றுக்கும் அப்புறம். ஆடிப் பழகியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’இல் சொந்த வரைபடமும் கதையும் அமைக்கும் கருவி 1999 முதலே உள்ளே இருக்கிறது. வைப்பாறும் கரிசலும் மண்கோட்டையும் உள்ள ஒரு வரைபடத்தை, கோவில்பட்டிக் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரு விடுமுறைக்குள் செய்துவிடலாம். செய்யுங்கள்.