தந்தை என்னும் முதற்காரணம்

கடவுளின் இருப்பைத் தர்க்கத்தால் நிறுவ முயன்ற பெக் மடத்துத் துறவி என்றே ஆன்செல்மை நம் மாணவிகள் அறிகிறார்கள். நான் படிக்கச் சொல்வது, 1076 வாக்கில் அவர் எழுதிய 'மோனோலோகியன்' நூலின் 42ஆம் இயலை. பரம்பொருளில் பால் வேறுபாடு இல்லை என்று ஒப்புக்கொண்டவர், பின் ஏன் 'தந்தை, மகன்', 'தாய், மகள்' என்றால் ஆகாதா என்று தாமே கேட்கிறார். உண்மை, ஞானம் இரண்டும் லத்தீனில் பெண்பாற் சொற்கள்தாமே! ஆண் உயர்ந்தது என்ற விடையும் அவருக்குப் போதவில்லை. சில பறவைகளில் பெட்டைதான் பெரிது, வலியது என்கிறார்.

இவ்வளவு தூரம் வந்தவர் கடைசியில் சறுக்குகிறார்: பிள்ளை பிறக்க முதற்காரணம் தந்தை, ஆகவே கடவுள் 'தந்தை'.

பெண்ணுடலை விளைநிலமாக மட்டுமே கண்ட பழைய உடலியல் இது. 1827இல் பாலூட்டியின் சினைமுட்டையை வான் பேயர் கண்டறிந்தார். காரணம் போயிற்று, பெயர் போகவில்லை.

பவுலை நோக்கிய வேண்டுதலில் இதே ஆன்செல்ம் இயேசுவைத் தாயே என்றழைக்கிறார்; குஞ்சுகளை அணைக்கும் கோழி என்கிறார். இதைப் பெண்ணுக்குக் கிடைத்த பெருமையாகக் கொண்டாட எனக்கு மனமில்லை. அதிகாரத்தால் தந்தை, கனிவால் தாய் என்று அந்த வேண்டுதலிலும் அவர் பங்கு பிரித்துத்தான் வைத்திருக்கிறார்.